ஏழில் ஒரு பங்கு

பங்குனி மாதத்து உச்சிவெயிலில், பாறைக்கொட்டாய் குவாரிப் பள்ளத்தில், லாரி நீளத்துக்குக் கிடந்த கல்லை மேலே இழுத்துக்கொண்டிருந்த இரும்புச் சங்கிலி பாதியில் அறுந்து, சீறிக்கொண்டு திரும்பி வந்து கெம்பனின் நெஞ்சில் அடித்தபோது கெம்பன் சாகவில்லை. செத்திருக்க வேண்டும். அதே பள்ளத்தில் அதே மாதிரிச் சங்கிலி அதற்கு முன்னே மூன்று பேரை அடித்து, மூன்று பேரையும் பாயில் சுருட்டி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. ஆனால் அன்றைக்குக் கெம்பன் இரண்டடி பின்னால் தள்ளாடி, ஒரு தடவை இருமி, நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றான். பத்தடியும் இருபதடியும் தள்ளிக் கடப்பாரை பிடித்து நின்ற மற்ற ஆறு பேரும் அதே நேரத்தில் இரண்டடி பின்னால் தள்ளாடி, ஒரு தடவை இருமி, நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றார்கள். சட்டையைக் கழற்றிப் பார்த்தால், ஏழு நெஞ்சிலும் இடது தோளிலிருந்து வலது விலா வரைக்கும், கண்ணி கண்ணியாக ஒரே நீளத்தில் ஒரே நீலத்தில் சங்கிலித் தடம்.

ஏழு பேருக்கும் தலைவனான தீர்த்தகிரி, ஒவ்வொருத்தன் நெஞ்சையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய், கடைசியில் தன் நெஞ்சையும் குனிந்து பார்த்துவிட்டு, "சரி, வேற சங்கிலி கொண்டாங்க" என்றான். பொழுது சாய்வதற்குள் கல்லை மேலே ஏற்றிவிட்டார்கள்.

ஏழு பேரில் ஏழாவது கடப்பாரை ஜடையனுடையது. கல்லின் இடது மூலை அவன் இடம். முப்பது வயது, மற்றவர்களைவிடச் சின்னவன், கூட்டத்தில் சேர்ந்து ஒன்றரை வருஷம். அன்று வீட்டுக்குப் போய் மனைவி சென்னம்மாவிடம் நெஞ்சைக் காட்டினான். அவள் விரலால் அந்தத் தடத்தைத் தோளிலிருந்து விலாவரை ஒரு தரம் தொட்டுப் பார்த்து, "வலிக்குதா மாமா?" என்றாள். "ஏழுல ஒரு பங்கு வலிக்குது" என்றான். அது அவனுக்கே பெருமையாக இருந்தது.

ஊர் அதை எடுத்துக்கொள்ளப் பத்து நாள் பிடித்தது. முதலில் மருந்துக்கடைக்காரர் சோதித்துப் பார்த்து, அடி மட்டும்தான் பிரிகிறது, காய்ச்சல் பிரியவில்லை, பல்வலி பிரியவில்லை, ஒருத்தன் விழுங்கிய மாத்திரை மற்றவனுக்கு வேலை செய்யவில்லை, ஆகவே களிம்பு ஏழு பேருக்கும் தனித்தனியாகத்தான் வாங்க வேண்டும் என்று சொன்னார். முனியப்பன் கோயிலில் பொங்கல் வைக்கலாம் என்று முடிவானபோது, வெட்டுவது ஒரு கிடாயா ஏழு கிடாயா என்று ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை நடந்து, ஊராரில் இரண்டு பேருக்கு மண்டை உடைந்து, ஒரே கிடாயை வெட்டி ஏழு கூறு போடுவது என்று தீர்ந்தது. சவரக்கடைக்காரர் அந்த ஏழு பேரில் யாருக்கும் புது பிளேடு போடமாட்டேன் என்றார். பள்ளிக்கூடத்து வாத்தியார் வகுத்தல் கணக்கு நடத்துகிறபோது பலகையில் ஒரு சங்கிலியையும் ஏழு நெஞ்சையும் வரைந்தார். பிள்ளைகளுக்கு உடனே புரிந்தது.

வீடுகளுக்குள்தான் கஷ்டம் இருந்தது. கெம்பனின் மனைவி கோபக்காரி; அவள் கரண்டியால் ஒரு போடு போட்டால் ஏழு வீட்டில் ஏழு பேர் முதுகைத் தடவினார்கள், ஏழு வீட்டுக்கும் கெம்பன் வீட்டு விஷயம் தெரிந்துபோனது. அவர்களில் ஒருத்தனான தொப்பளான் குடித்துவிட்டு மொபெட்டோடு கால்வாயில் விழுந்த அன்றைக்கு, ஏழு முழங்காலும் தேய்ந்து, ஆறு பெண்கள் சேர்ந்து தொப்பளான் வீட்டு வாசலுக்குப் போய் அவனைத் தெருவில் இழுத்துப் போட்டு விளக்குமாற்றால் அடிக்க ஆரம்பித்து, நாலு அடி போட்டதும், தங்கள் புருஷன்மாரும் தெருமுனையில் கத்துவதைக் கேட்டு நிறுத்திக்கொண்டார்கள். அதற்கப்புறம் பெண்கள் கூடி ஒரு கட்டுப்பாடு வைத்தார்கள்: ஏழு பேரில் ஒருத்தனும் குடிக்கக் கூடாது, மரம் ஏறக் கூடாது, எந்தப் பெண்ணும் புருஷன் மேல் கை வைப்பதானால் மற்ற ஆறு பேரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆண்கள் பெண்டாட்டியை அடிப்பது அதோடு நின்றுபோனது. அதற்கு யாரும் கட்டுப்பாடு வைக்கவில்லை, ஒரு அடியை வாங்கிப் பகிர்ந்த உடம்புக்குக் கை ஓங்க வரவில்லை, அவ்வளவுதான்.

பள்ளத்தில் நடந்ததோ வேறு விஷயம். கல் தள்ளுகிற ஆளைக் கொல்வது கல் இல்லை, கல்லை நினைத்து அவன் மனசு ஒரு நொடி பின்வாங்குகிற பின்வாங்கல்தான். இப்போது பயமும் ஏழாகப் பிரிந்து, ஒரு ஆளுக்கு உள்ளங்கை அளவுதான் வந்தது. முன்னெல்லாம் தீர்த்தகிரி தொண்டை கிழியக் குரல் கொடுத்தால்தான் ஏழு கடப்பாரையும் ஒன்றாக எழும். இப்போது குரலே இல்லாமல், கெம்பனின் தோள் இறங்குவதைத் தொப்பளானின் முதுகு அறிந்து, தொப்பளானின் மூச்சு ஜடையனின் கைக்கு வந்து, கல் விரல் அளவு எழும்பி, உருளை நகர்ந்து, ஆப்பு விழுந்து, மறுபடி எழும்பி, கிரேன் இறங்க முடியாத பள்ளத்திலிருந்தெல்லாம் கல் நடந்து மேலே வந்தது. பக்கத்து மலைக் குவாரிகளிலிருந்து ஆட்கள் வந்து மேட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஐப்பசியில் சென்னம்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நாலாம் நாள் ஜடையன் வேலைக்கு வந்தான். குழந்தை வாசம் இன்னும் கையில் இருந்தது. மத்தியானம் சரிவில் ஏறிக்கொண்டிருந்த கல், அடியில் உருளை உடைந்து பின்னால் நழுவியது. ஏழு பேரும் கடப்பாரையை ஊன்றி நெஞ்சைக் கொடுத்தார்கள். ஜடையன் தன் மேல் இறங்கி வருகிற அந்தக் கறுப்புச் சுவரைப் பார்த்தான், குழந்தையின் உச்சந்தலையில் துடிக்கிற இடத்தைப் பார்த்தான், கையை விட்டுவிட்டு ஒரு எட்டு பக்கவாட்டில் நகர்ந்தான். இமை மூடித் திறக்கிற நேரம். ஆறு பேர் தாங்கினார்கள், கல் நின்றது, அவன் மறுபடி கடப்பாரையைப் பிடித்துக்கொண்டான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்து, ஆப்பு அடிக்கிற சம்மட்டி நழுவித் தொப்பளானின் கெண்டைக்காலில் விழுந்தது. ஆறு பேர் "ஸ்" என்று காலைத் தூக்கினார்கள். ஜடையன் காலைத் தூக்கவில்லை. அவனுக்கு ஒன்றுமே இல்லை. கைலியை விலக்கிப் பார்த்தான். கால் சுத்தமாக இருந்தது. பிறகு அவனும் "ஸ்" என்றான், நேரம் தப்பி.

சாயங்காலம் டீக்கடையில் ஏழு பேரும் உட்கார்ந்து அன்றைய காயத்தைக் காட்டுவதும், கடைக்காரர் பார்த்துவிட்டு மஞ்சள் போட்ட பால் கொடுப்பதும் அதற்குள் வழக்கமாகியிருந்தது. ஆகவே ஜடையன் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் போய், முஷ்டி அளவு ஜல்லி ஒன்றை எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு தன் கெண்டைக்காலில் அடித்துக்கொண்டான். சம்மட்டி அடியில் ஒரு பங்கு எவ்வளவு என்று தெரியாததால் இரண்டு தடவை அடித்தான். டீக்கடையில் ஏழு கால் நீண்டபோது ஏழாவது கால்தான் அதிகம் வீங்கியிருந்தது.

அதன் பிறகு அவன் நாட்கள் அப்படியே போயின. கண்ணெதிரே விழுகிற அடி சுலபம். பார்த்து, மறைவுக்குப் போய், அதே இடத்தில் ஒன்று போட்டுக்கொள்ளலாம். வீட்டில், சந்தையில், வயலில் விழுகிற அடி எப்படித் தெரியும்? விடிந்ததும் முதல் ஆளாக டீக்கடைக்கு வந்து உட்கார்ந்து, ஒவ்வொருத்தனாக வருவதை, அவன் எந்தக் காலை ஊன்றுகிறான், எந்தக் கையில் தம்ளரைப் பிடிக்கிறான், உட்காரும்போது எங்கே சுளிக்கிறான் என்று பார்த்து, பிறகு மூத்திரம் போகிற சாக்கில் எழுந்துபோய்த் தன் கையை, முதுகை, விலாவைக் கல்லால் தயார் செய்துகொண்டு வருவான். அடி பிரிந்து வந்த காலத்தில்கூட அந்த ஆறு உடம்பையும் அவன் இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. கெம்பனுக்கு இடது தோள் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது என்பதும், தீர்த்தகிரி சிரிக்கும்போது வலது பக்கத்து மூச்சைப் பிடித்துக்கொள்கிறான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. வேலையில் அவன் முன்னைவிட இரண்டு மடங்கு தாங்கினான். மறுபடி ஒரு நாள் கல் நழுவாதா, நெஞ்சைக் கொடுத்துச் சரிசெய்துவிட மாட்டோமா என்று காத்திருந்தான். கல் நழுவவில்லை.

ஒரு நாள் கெம்பன் தோளைத் தேய்த்துக்கொண்டே, "இப்பல்லாம் அடி கொஞ்சம் கனமா இல்ல?" என்றான். மற்றவர்கள் டீயை ஊதிக் குடித்தார்கள். ஜடையன் தம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

தை பிறந்ததும் நாற்பது டன் கல் ஒன்றுக்குச் சொல்லி வந்தது. ஏதோ ஊரில் கட்டுகிற கோயிலுக்கு, விரிசல் இல்லாத ஒற்றைக் கல், மாசிப் பௌர்ணமிக்குள் ரோட்டுக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் பக்கத்து மலைக் குவாரிக்கு வேலை போய்விடும். அந்தக் குவாரிக்கு மேஸ்திரி வேடியப்பன். நிதானமான ஆள், குரல் உயர்த்திப் பேசமாட்டான், இரண்டு கொலை வழக்கிலிருந்து வெளியே வந்தவன்.

வேடியப்பன் முதலில் அடி பிரிகிற விஷயம் தெரியாமல்தான் செய்தான். வெள்ளிக்கிழமைச் சந்தையில், வெங்காயக் கடை முன்னால், அவனுடைய ஆள் ஒருத்தன் தீர்த்தகிரியின் வயிற்றில் சூரிக்கத்தியைப் பிடிவரைக்கும் சொருகி ஒரு திருகு திருகி எடுத்தான். குடல் வெளியே வந்திருக்க வேண்டும். தீர்த்தகிரி குனிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து, அவனைக் கழுத்தோடு தூக்கித் தராசு மேல் அடித்தான். அதே நேரத்தில் சந்தைக்கு அந்தக் கோடியில் கருவாடு பார்த்துக்கொண்டிருந்த கெம்பனின் சட்டையில் ரத்தம் வந்தது, பஸ் நிறுத்தத்தில் நின்ற தொப்பளான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆறு வயிற்றிலும் விரல் நகம் ஆழத்துக்கு ஒரு வெட்டு, ஒவ்வொன்றும் ஒரு திருகலோடு. டீக்கடை மாடியிலிருந்து வேடியப்பன் எல்லாவற்றையும் பார்த்தான், ஊரார் பஞ்சும் மஞ்சளும் எடுத்துக்கொண்டு கேள்வி கேட்காமல் ஆறு திசைக்கும் ஓடுவதைப் பார்த்தான், வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கீழே இறங்கினான்.

ஜடையன் அன்றைக்குச் சந்தைக்குப் போகவில்லை. தகவல் வந்ததும் சோளக்காட்டுக்குள் போய், பிளேடை எடுத்து, வயிற்றில் வைத்து, கண்ணை மூடி இழுத்தான். திருகல் போடத் தெரியவில்லை. கை தப்பி ஆழமாகப் போய்விட்டது.

சென்னம்மா மூன்று நாள் அவன் கட்டை மாற்றினாள். நாலாம் நாள், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அவனைப் பார்க்காமலே கேட்டாள்.

"கெம்பண்ணன் வீட்டுக்காரி காட்டுனா. அவருக்குக் காஞ்சு போச்சு. உனக்கு மட்டும் ஏன் மாமா சீழ் பிடிக்குது?"

"ஒடம்பு வாகு."

"அவங்க காயத்துல ஓரம் சுருண்டிருக்கு. உன்னது கோடு போட்ட மாதிரி இருக்கு."

அவன் கைலியை மேலே இழுத்துக் காயத்தை மூடினான்.

"எத்தன நாளா?" என்றாள்.

"கொழந்த பொறந்ததுலருந்து."

அவள் கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டாள். "பெங்களூருக்குப் போயிறலாம். எங்க சித்தப்பா கட்டட வேல பாக்குறாரு. அங்க யாரும் சட்டையக் கழட்டச் சொல்ல மாட்டாங்க."

"போனா அவங்க என்னான்னு நெனப்பாங்க?"

"இருந்தா நீ செத்துப்போவ. உன் கையாலயே செத்துப்போவ."

"பெரிய கல்லு மேல வரட்டும், போலாம்" என்றான். அவள் நம்பவில்லை, ஆனாலும் பெட்டியில் குழந்தைத் துணிகளை எடுத்து வைத்தாள்.

மாசிப் பௌர்ணமிக்கு இரண்டு நாள் இருந்தது. கல் சரிவில் பாதித் தூரம் ஏறி, ஆப்பின் மேல் நின்றிருந்தது. விடியும்போதே மேற்கே மேகம் கறுத்தது. மழை விழுந்தால் சரிவு சேறாகி ஆப்பு நழுவும், நாற்பது டன்னும் பள்ளத்துக்குப் போகும். கெம்பன் மஞ்சள் காமாலையில் வீட்டில் படுத்துவிட்டான். ஜடையன் வீடு ஊருக்கு வெளியே, தைலமரத் தோப்பைத் தாண்டி. அவன் தோப்புப் பாதையில் வேகமாக வந்துகொண்டிருந்தபோது நாலு பேர் அவன் தலையில் சாக்கைப் போட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

சாக்கை எடுத்தபோது, தோப்புக்கு நடுவே இடிந்து கிடந்த பழைய வெடிமருந்துக் கொட்டகையில் இருந்தான். வேடியப்பன் கவிழ்த்துப் போட்ட கூடை மேல் உட்கார்ந்து, செல்போனைக் காதில் வைத்திருந்தான். மலையுச்சியில் அவனுடைய ஆள் ஒருத்தன் நின்று குவாரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எத்தன பேரு தள்றாங்க? அஞ்சா? சரி, லைன்லயே இரு" என்றான் வேடியப்பன். பிறகு ஜடையனைப் பார்த்து, "உன் மேல எங்களுக்குக் கோவம் ஒண்ணும் இல்லப்பா. இங்க உன்னப் போட்டா அங்க அவனுங்க கைய விடணும். அதுக்குத்தான்" என்றான்.

சைக்கிள் செயினால் முதுகில் முதல் அடி விழுந்தது. முழு அடி. போன பங்குனியில் அந்தச் சங்கிலி அறுவதற்கு முந்தி, வாழ்க்கையில் வாங்கிய எல்லா அடியும் அப்படித்தான் முழுசாக விழுந்தது என்பது அவனுக்கு ஞாபகம் வந்தது. தோல் கிழிந்து செயின் எலும்பைத் தொட்டது. இரண்டாவது, மூன்றாவது. கத்தினான். விநோதமாக, கத்துகிற வாய்க்குள்ளேயே ஒரு ஆறுதலும் இருந்தது: நாலு மாதமாக இடம் பார்த்து, அளவு பார்த்துத் தன்னைத் தானே அடித்துக்கொண்டவனுக்கு, இப்போது எதையும் பார்க்க வேண்டியதில்லை.

"விழுந்தானுங்களா?" என்று வேடியப்பன் போனில் கேட்டான்.

"இல்லண்ணா. தள்றானுங்க."

உருட்டுக்கட்டையால் விலாவில் போட்டார்கள்; இரண்டு எலும்பு முறிகிற சத்தம் கொட்டகைக்குள் கேட்டது. ஒரு கையின் விரல்களைக் கல்லில் வைத்து இன்னொரு கல்லால் நசுக்கினார்கள். போனில் அதே பதில் வந்தது. அடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தன், குட்டையான ஆள், வியர்வையைத் துடைத்துக்கொண்டு வேடியப்பனிடம் வந்தான்.

"அண்ணா, இவன் சரியில்ல போலத் தெரியுது. அந்தக் கெம்பன் காமாலைல படுத்திருக்கான், வீட்டுல பொம்பள ஒருத்திதான். ரெண்டு பேரு வண்டில போயி அவன முடிச்சிட்டு வந்துடட்டுமா?"

வேடியப்பன் யோசித்தான். ஜடையன் அவன் யோசிப்பதைப் பார்த்தான். கெம்பன் மேல் ஒரு வெட்டு விழுந்தால், சரிவில் அந்த ஐந்து பேரும் கடப்பாரையை விட்டுவிட்டு வயிற்றைப் பிடிப்பார்கள், கல் அவர்கள் மேலேயே இறங்கும். நான் அவர்களில் ஒருத்தன் இல்லை, என்னை அடித்துப் பிரயோஜனம் இல்லை என்று ஒரே வார்த்தை சொன்னால் தன்னை இங்கேயே போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், நடந்து வீட்டுக்குப் போகலாம், குழந்தைத் துணி பெட்டியில் இருக்கிறது. இதையும் பார்த்தான்.

"வேணாம்ணா" என்று சொன்னான், வாயிலிருந்து ரத்தம் வழிய. "விட்ருங்கண்ணா. அவங்களுக்கு இப்பவே தாங்காது. தொப்பளானுக்குப் போன மாசம்தான் விலா ஒடஞ்சுது."

"தாங்காதுன்னா ஏன் விழல?"

"அடி போய்ச் சேரணும். பக்கத்துல இருந்தா ஒடனே போகும். தூரம்னா நேரமாகும்." மூச்சு வாங்கினான். "முதுகெல்லாம் அவங்களுக்குப் பழகிப்போச்சு. கால்ல மட்டும் போட்றாதீங்க. முட்டி போச்சுன்னா ஒருத்தனும் நிக்க முடியாது. கல்லு மேல வந்துரும். கால் வேணாம்ணா."

வேடியப்பன் குட்டையானவனைப் பார்த்துத் தலையசைத்தான். கெம்பன் வீட்டுக்கு யாரும் போகவில்லை. இரண்டு பேர் ஜடையனின் வலது காலைப் பிடித்து நீட்ட, குட்டையானவன் சம்மட்டியை எடுத்து முட்டியில் இறக்கினான். ஜடையனுக்கு உலகம் வெள்ளையாகி, மறுபடி நிறத்துக்கு வந்தது. "கொஞ்ச நேரம் இரு, போய்ச் சேரட்டும்" என்று வேடியப்பன் சொல்வது கேட்டது. காத்திருந்தார்கள். வெளியே தைலமரங்கள் காற்றில் இரைந்தன. "தள்றானுங்கண்ணா" என்றது போன். இன்னொரு தடவை இறக்கினார்கள். காத்திருந்தார்கள். "போயிரும், இப்பப் போயிரும், அய்யோ அவங்களக் கொன்னுட்டீங்களே" என்று ஜடையன் அழுதான். அழுகை நிஜமாகத்தான் இருந்தது. மூன்றாம் தடவைக்கு முட்டி என்று ஒன்று இல்லை. காத்திருந்தார்கள்.

"அண்ணா," என்றது போன், "கல்லு ரோட்டுக்கு வந்துருச்சு."

கொட்டகைக் கூரையில் மழை விழுந்தது. வேடியப்பன் எழுந்துவந்து ஜடையனின் முகத்துக்கு நேரே குந்தி உட்கார்ந்து வெகுநேரம் அவன் கண்ணைப் பார்த்தான். "நீ அவனுங்களோட சேத்தி இல்லையா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டான். ஜடையன் கண்ணை மூடிக்கொண்டான். வேடியப்பன் அதற்கு மேல் அவனைத் தொடவில்லை. ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனான். அந்த வாரமே ஊரைவிட்டும் போய்விட்டான்.

சென்னம்மாதான் தேடி வந்து கண்டுபிடித்தாள். கதவுப் பலகையில் போட்டு நாலு பேர் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தபோது, ஊர் முழுக்க அந்தப் பெரிய கல்லைச் சுற்றி மழையில் நின்று கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தது. பலகையைப் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் ஒன்றாகத் திரும்பி, சட்டையில்லாமல் நின்ற ஐந்து பேரின் உடம்பையும் பார்த்தார்கள். ஐந்தும் மழையில் கழுவி வைத்த கல் மாதிரி, ஒரு கீறல் இல்லாமல் இருந்தன. டீக்கடைக்காரர் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். அன்று ராத்திரிச் சோற்றுக்கு முன்பே ஊர் மூன்று கட்சியாகி, துரோகி என்று ஒரு கட்சியும், தெய்வம் என்று ஒரு கட்சியும், இரண்டும்தான் என்று ஒரு கட்சியும் பேசிக்கொண்டு, மறுநாள் மூன்று கட்சியும் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கட்டி அனுப்பின.

காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். எட்டாம் நாள் பகல் பதினோரு மணிக்கு ஆறு பேரும் வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். கெம்பன் போர்வை போர்த்தி, மஞ்சள் கண்ணோடு, பக்கத்துக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். சென்னம்மா தீர்த்தகிரிக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். அவன் உட்காரவில்லை.

"கொழந்த பொறந்த நாலாம் நாளு" என்றான் தீர்த்தகிரி.

ஜடையன் அவனைப் பார்த்தான். "தெரியுமா?"

"ஏழு கடப்பாரைல ஒண்ணு கொறஞ்சா கைக்குத் தெரியாதாடா?"

"எல்லாருக்குமா?"

தொப்பளான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினான். கெம்பன் தரையைப் பார்த்தான்.

"தண்ணித்தொட்டிக்குப் பின்னால நான் கல்லால அடிச்சிக்கிட்டது?"

"தெரியும்."

"வயித்தக் கிழிச்சிக்கிட்டது?"

"தெரியும். நாளைக்குச் சொல்லிருவான், நாளைக்குச் சொல்லிருவான்னு இருந்தோம்" என்றான் தீர்த்தகிரி. அவன் குரல் பள்ளத்தில் கேட்கிற குரலாக இல்லை. "நாங்க கேட்டா நீ போயிருவன்னு கெம்பன் சொன்னான். சரி, அடி ஆறாப் பிரிஞ்சா பிரிஞ்சுட்டுப் போவுது, தாங்கிக்கலாம்னு விட்டோம். அப்புறம் கேக்க வேண்டிய நாளெல்லாம் தாண்டிப்போச்சு. எங்களுக்கும் பயம்தான். நீ கைய விட்டத ஒருக்கா வாயால சொல்லிட்டா, அன்னிக்கு யார் யாரு விட நெனச்சாங்கன்னு ஒவ்வொருத்தனும் சொல்லணும். நானும் நெனச்சேன்."

ஜடையனுக்கு நாலு மாதத்துக் கல்லெல்லாம் நெஞ்சில் ஏறியது. இந்த ஆறு பேரும் டீக்கடையில் உட்கார்ந்து, அவன் மூத்திரத்துக்கு எழுந்து போவதைப் பார்த்து, நொண்டிக்கொண்டு திரும்பி வருவதைப் பார்த்து, நகர்ந்து இடம் கொடுத்திருக்கிறார்கள். ஒருத்தன்கூட அவன் கையிலிருந்து கல்லைப் பிடுங்கவில்லை. "பாத்துக்கிட்டு இருந்தீங்க" என்றான். "நான் சாவறதப் பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க." கட்டுப்போடாத கையால் பக்கத்திலிருந்த எவர்சில்வர் சொம்பை எடுத்து, உடம்பில் மிச்சமிருந்த பலம் எல்லாவற்றையும் சேர்த்து, தீர்த்தகிரியின் முகத்தில் எறிந்தான். சொம்பு புருவத்தில் பட்டு, தண்ணீர் சிதறி, தரையில் உருண்டது.

தீர்த்தகிரி முகத்தைத் திருப்பக்கூட இல்லை. அவன் புருவத்தில் ஒரு சின்னக் கோடு விழுந்து ரத்தம் வந்தது. தொப்பளான் புருவத்தைத் தொட்டுப் பார்த்தான். கெம்பன் போர்வை நுனியால் கண்ணைத் துடைத்தான், போர்வையில் சிவப்பு ஒட்டியது. சென்னம்மா குழந்தையோடு எழுந்து நின்றாள், மற்ற யாரையும் பார்க்காமல், கட்டிலில் கிடந்தவனை மட்டும் பார்த்துக்கொண்டு. ஜடையனின் இடது கண்ணுக்குள் சூடாக ஏதோ இறங்கியது. கண்ணீர் என்று நினைத்தான்; உதட்டுக்கு வந்ததும் ருசி தெரிந்தது.

"ஏழாப் பிரிஞ்சிருக்கு" என்றான் கெம்பன், யாரிடமோ சொல்வது போல. "லேசாத்தான் இருக்கு."

சத்தம் கேட்டு நர்ஸ் வந்தாள். அந்த ஊர்ப் பக்கத்துக்காரிதான், விளக்கம் தேவைப்படவில்லை. தட்டில் பஞ்சும் டிஞ்சரும் எடுத்துவந்து, தீர்த்தகிரியில் ஆரம்பித்து, ஒவ்வொரு புருவமாகத் துடைத்துக்கொண்டே சுற்றி வந்து, கடைசியில் கட்டிலுக்கு வந்து ஜடையன் மேல் குனிந்தாள். அவன் நசுங்கிய விரல்களை உயர்த்தி அவள் கையைத் தடுத்தான்.

"இருக்கட்டும்மா" என்றான். "கொஞ்ச நேரம் இருக்கட்டும்."